காணாமல் போன மூக்கு: ஒரு பழைய புல்லட்டின் கதை

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில் பார்த்தால் பெட்ரோல் ஒரு பங்கு, காற்று 14.7 பங்கு. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த ஒரு பங்கை மட்டும்தான். மீதி அத்தனையும் ஓசி. ஓசியில் கிடைப்பதாலோ என்னவோ, அது எந்த வழியாக உள்ளே போகிறது, சுத்தமாகப் போகிறதா என்று யாரும் கவலைப்படுவதில்லை. பெட்ரோல் விலை 50 பைசா ஏறினால் லிஃப்ட் வாசலில் விவாதம் நடக்கிறது. ஏர் ஃபில்டர் இருக்கிறதா என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

நம் பேஸ்மெண்ட்டில் பல வருடங்களாக நகராமல் நிற்கும் வண்டிகளின் பட்டியலைச் செயற்குழு நோட்டீஸ் போர்டில் ஒட்டியது நினைவிருக்கும். அதில் சி பிளாக்கின் பழைய புல்லட்டும் ஒன்று. ஆர்.சி. புத்தகப்படி 1968 மாடல். ஓட்டியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவிக்கு அதைப் பழைய இரும்புக்குப் போட மனமில்லை. பேரன் ஓட வைத்துக் காட்டுகிறேன் என்கிறான். செயற்குழு மூன்று மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறது. வங்கியில் வாகனக் கடன் பிரிவில் கொஞ்ச காலம் இருந்தவன் என்பதால், காகிதங்களைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கூடவே ஒரு மெக்கானிக்கும் வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, கார்புரேட்டர் பக்கம் குனிந்தார். "சார், வாய் தொறந்து கெடக்குது பாருங்க" என்றார்.

கார்புரேட்டருக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய், அது போய்ச் சேரும் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஃபில்டர் என்று மூன்றும் இருக்க வேண்டும். மூன்றுமே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் டீ வடிகட்டி வலையை வட்டமாக வெட்டி, கம்பியால் கட்டி வைத்திருந்தார். அது ஈயையும் பூச்சியையும் நிறுத்தும். புழுதியை நிறுத்தாது.

இந்த மூக்கு எப்படிக் காணாமல் போயிற்று, அதற்கு முன் எப்படி வந்தது என்று தேடப் போனதில் கிடைத்த கதை சுவையானது.

மோட்டார் சைக்கிள் பிறந்த காலத்தில் அதற்கு மூக்கே கிடையாது. கார்புரேட்டரின் வாய் வெளியே திறந்திருக்கும். இங்கிலாந்தில் 1927-ல் மூன்று கார்புரேட்டர் கம்பெனிகள் ஒன்றாக இணைந்து ஆமல் என்ற கம்பெனி உருவாயிற்று. இணைப்பு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் பாதிதான் அந்தப் பெயர். பல பத்தாண்டுகளுக்குப் பெரும்பாலான ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களில் ஆமல்தான். அவற்றில் பலவற்றின் கார்புரேட்டர் வாயில் எக்காளத்தின் முனை போல விரிந்த ஓர் உலோக வளையம் மட்டும் இருக்கும். காற்று வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பார்க்கவும் அழகு. ஃபில்டர் வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஊரில் தார்ச்சாலை, பாதி நாள் மழை. புழுதி எங்கே இருந்து வரும்? தேவையில்லாத செலவு என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

புத்தி வந்தது பாலைவனத்தில். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காக பி.எஸ்.ஏ. கம்பெனி எம்20 என்ற 500 சி.சி. வண்டியைச் செய்தது. மொத்தம் 1,26,000 வண்டிகள் செய்ததாகச் சொல்கிறார்கள். தபால் கொண்டு போகும் சிப்பாய்களின் வண்டி அது. வட ஆப்பிரிக்க மணலில் ஓடியபோது என்ஜின்கள் உள்ளேயிருந்து அரைபட்டுப் போயின. உப்புத்தாள் தேய்ப்பது போலத்தான். பிறகு வோக்ஸ் என்ற கம்பெனியின் ஃபில்டர் பெட்டியைப் பெட்ரோல் டாங்க்கின் மேலேயே பொருத்தி, அங்கிருந்து கார்புரேட்டருக்கு ரப்பர் குழாய் இறக்கினார்கள். கீழே சக்கரம் கிளப்பும் மணல் எட்டாத உயரத்தில் மூச்சு விட வேண்டும் என்ற ஏற்பாடு. பார்க்க அவலட்சணமாக இருக்கும். இன்று எம்20 வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள் அந்த அவலட்சணமான பெட்டிக்காகத்தான் அலைகிறார்கள்.

இதே வோக்ஸ் ஃபில்டர்தான் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மூக்குக்குக் கீழும் தாடை போலத் தொங்கியது. விமானத்தின் வேகம் குறைந்ததால் விமானிகளுக்கு அதன் மேல் கோபம். எகிப்தில் அபுகிர் என்ற இடத்தில் இருந்த பராமரிப்புப் பட்டறை ஆட்கள், தாங்களே சிறிதாக ஒரு ஃபில்டரைச் செய்து மாட்டினார்கள். இன்றும் அதற்கு அபுகிர் ஃபில்டர் என்றுதான் பெயர். இந்தச் சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. ஃபில்டர் வேகத்தைக் குறைக்கிறது என்றதும் அவர்கள் அதைக் கழற்றி எறியவில்லை, நல்லதாக இன்னொன்று செய்தார்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் என்ன நடந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ராயல் என்ஃபீல்டின் தாய்வீடு இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊர். இந்திய ராணுவத்தின் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட் வாங்க அரசு முடிவு செய்ததும், சென்னையில் இருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் கம்பெனியும் சேர்ந்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இங்கேயே வார்த்து, கடைந்து, 1960-களின் தொடக்கத்தில் வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது. 1970-ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு இழுத்து மூடப்பட்டது. திருவொற்றியூர் மட்டும் நிற்காமல் ஓடி, 1977-ல் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தது. இது எல்லோரும் பெருமையாகச் சொல்கிற கதைதான்.

பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. வெளியே பார்த்தால் அதே புல்லட். உள்ளே பாகங்கள் மெதுவாக மாறிக்கொண்டே வந்தன. பழைய வண்டிகளில் ஆமல் வகைக் கார்புரேட்டர். பின்னாளில் ஜப்பானிய மிக்குனி வடிவத்தில் இங்கே செய்த மிக்கார்ப். கார்புரேட்டர் மாறினால் அதன் பின்வாயின் விட்டம் மாறும். விட்டம் மாறினால் குழாய் மாறும், குழாய் மாறினால் பெட்டியின் வாயும் மாறும். "புல்லட் ஏர் ஃபில்டர் ஒண்ணு குடுங்க" என்று கடையில் கேட்பது, "சரவணன் வீடு எது" என்று நம் வாட்ச்மேனிடம் கேட்பது போல. நம் வளாகத்திலேயே நாலு சரவணன்கள் இருக்கிறார்கள்.

மூக்கு இல்லாவிட்டால் என்ன நஷ்டம் என்பதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 350 புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 90 மி.மீ. பெருக்கினால் 346 சி.சி. வரும். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் 1,500 முறை மூச்சு இழுக்கும். ஒவ்வொரு மூச்சும் முழு மூச்சு என்று வைத்தால் நிமிடத்துக்கு 519 லிட்டர். ஆக்சிலரேட்டரைப் பாதி முறுக்கும்போது இதைவிடக் குறையும், ஆனாலும் கணக்குக்கு இது போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்கு ஏழு லிட்டர் போல இழுக்கிறார். ஆக, ஒரு புல்லட் 70 பேருக்கு மேல் சேர்ந்து இழுக்கும் மூச்சை இழுக்கிறது. நம் பொதுக்குழுக் கூட்டத்துக்கு அத்தனை பேர் வந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் காற்றில் வரும் புழுதியில் பாதி நுண்மணல். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு இடைவெளி. உள்ளே போகும் மணலில் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடும். மீதி அங்கே இருக்கும் ஆயிலோடு குழைந்து, அரைக்கும் பசையாக மாறும். பிஸ்டன் ரிங் தேயும், சிலிண்டர் சுவர் தேயும். பிறகு ஆயில் மேலே ஏறி எரிந்து நீலப் புகை வரும். அப்போது சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து ஓவர் சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதுதான் ரீபோர். சிலிண்டர் சுவரின் கனம் எல்லையில்லாதது அல்ல. ஒவ்வொரு ரீபோரும் மூலதனத்தில் கை வைப்பது. வட்டியில் செலவு செய்வதாக நினைத்துக்கொண்டு டெபாசிட்டையே உடைக்கிற ஆட்களை நான் கவுண்டரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சி பிளாக் வண்டிக்காரர் மகா ஒழுங்கு. எல்லா பில்லையும் ஒரு ஃபைலில் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறார். எனக்கு அதைப் புரட்டுவது பழைய லெட்ஜரைப் புரட்டுவது போல இருந்தது. முதல் ரீபோருக்கும் இரண்டாவதற்கும் இடையில் 11 வருடம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நாலே வருடம். நடுவில் ஒரு பில்லில் "ஏர் ஹோஸ் இல்லை, கழற்றி விடப்பட்டது" என்று ஒரு வரி. எந்த ஒர்க்‌ஷாப் என்பது இங்கே அவசியமில்லை. அன்றைக்கு அது எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் நடந்ததுதான். நான் அந்த நாலு வருடத்தை முழுவதுமாக ஃபில்டர் கணக்கில் எழுதினேன். மெக்கானிக் ஒப்புக்கொள்ளவில்லை. நேரத்துக்கு ஆயில் மாற்றாததையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்கிறார். சேர்த்துக்கொள்வோம்.

ஏன் கழற்றினார்கள்? ரப்பர் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். மாற்றுக் குழாய் கிடைப்பது கஷ்டம். குழாய் இல்லாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவது சுலபம், நேரம் மிச்சம். வாய் திறந்திருந்தால் இழுக்கும் சத்தமும் கம்பீரமாகக் கேட்கும். வண்டிக்காரரும் "பிக்கப் கூடிப்போச்சு" என்று சந்தோஷமாகப் போய்விடுவார். ஃபில்டர் இல்லாமல் வண்டி ஓடவில்லை என்று யாரும் அன்று மாலையே திரும்பி வந்து சண்டை போடப் போவதில்லை. நஷ்டம் வருவது நாலு வருடம் கழித்து.

புழுதியைத் தவிர இன்னொரு கேடும் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. ஃபில்டர் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையையும் கணக்கில் வைத்துத்தான் தொழிற்சாலையில் ஜெட் அளவை முடிவு செய்வார்கள். தடையை எடுத்துவிட்டால் காற்று அதிகமாகி, பெட்ரோல் பங்கு குறைந்துவிடும். என்ஜின் சூடாகும், கார்புரேட்டர் வழியே தும்மும், ஸ்பார்க் பிளக் வெளுத்துப் போகும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை எட்டில் ஒரு பங்கு வரை முறுக்கும்போது பைலட் ஜெட்டும், அதற்கு மேல் ஸ்லைடின் வெட்டும், கால் முதல் முக்கால் வரை நீடிலும் பெட்ரோலை அளக்கின்றன. மெயின் ஜெட் முழுப் பொறுப்பு எடுப்பது முக்காலுக்கு மேல்தான். தி.நகர் நெரிசலில் யார் முக்காலுக்கு மேல் முறுக்குகிறார்கள்? மாமல்லபுரம் வரை ஒரே முறுக்கில் போனால்தான் குறை தெரியும். அப்போதும் பலர் பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்காரரைத் திட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, மூக்கைத் திரும்ப வைப்பது எப்படி? நாங்கள் செய்து வருவதைச் சொல்கிறேன்.

முதலில் வண்டி எந்த வருடத்தது என்று உறுதி செய்தோம். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பக்கூடாது, வண்டியில் குத்தியிருக்கும் என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொருந்த வேண்டும். வங்கியில் இதற்கு மெல்லிய காகிதத்தை நம்பர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்போம். 30 வருடம் கழித்து பேஸ்மெண்ட்டில் மண்டியிட்டு அதையே செய்தேன். முட்டி மட்டும் அன்றைய முட்டி இல்லை. இரண்டு நம்பரும் பொருந்தின. கார்புரேட்டரும் அந்தக் காலத்து ஆமல் வகைதான். இது பெரிய நிம்மதி. கார்புரேட்டரை மாற்றியிருந்தால், வண்டியின் வருடத்துக்கான குழாயைத் தேடுவதா, கார்புரேட்டருக்கான குழாயைத் தேடுவதா என்ற குழப்பம் வந்திருக்கும்.

அடுத்தது, ஃபில்டரைத் தேடும் முன் முன்பக்க மூட்டைப் பார்ப்பது. கார்புரேட்டர் என்ஜினோடு சேரும் இடத்தில் காற்று திருட்டுத்தனமாக நுழைந்தால், எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பயனில்லை. மெக்கானிக்குகள் இதை "ஏர் இழுக்குது" என்பார்கள். வண்டி ஓடும் நிலையில் இருந்தால் மூட்டைச் சுற்றிக் கொஞ்சம் ஆயில் தடவிப் பார்த்தாலே தெரியும், என்ஜின் ஓட்டம் மாறும். பழைய ஆமலில் நட்டை அளவுக்கு மேல் முறுக்கி முறுக்கி அந்தத் தட்டை முகம் வில் போல வளைந்திருக்கும். இந்த வண்டியிலும் அப்படித்தான். தடிமனான கண்ணாடியின் மேல் எமரி ஷீட்டை விரித்து, முகத்தை அதில் எட்டு போட்டுத் தேய்த்துச் சமமாக்கினார் மெக்கானிக். ஒன்றரை மணி நேரம் ஆனது. பேரனுக்குப் பொறுமை போய்விட்டது. மெக்கானிக்குக் கடைசி வரை போகவில்லை. புது பேக்கிங் வைத்து, நட்டை அளவாக முடுக்கினார்.

குழாய்க்கும் பெட்டிக்கும் ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று இரண்டு நாள் அலைந்தோம். புது வண்டியின் உதிரிகள் ஜி.பி. ரோட்டில் கேட்டதும் கிடைக்கின்றன. 1968-க்குப் பொருந்துவது எந்தப் பட்டியலிலும் இல்லை. புதுப்பேட்டையில் ஒரு கடையில் நாலு பெட்டி காட்டினார்கள், நாலும் பின்னாள் மாடல். வெர்னியர் காலிப்பர் வைத்துக் கார்புரேட்டர் வாயை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனது நல்லதாயிற்று. கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த ஒரு குழாய் மூன்று மி.மீ. பெரிது. கிளிப் போட்டு இறுக்கினால் மடிந்து சந்து விழும். அந்தச் சந்து வழியாகப் புழுதி போகும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சாதாரண ரப்பர் பெட்ரோல் ஆவியில் ஊறி உப்பிவிடும், துண்டு பெயர்ந்தால் நேராக என்ஜினுக்குள் போகும். பெட்ரோலைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் அளவு கொடுத்து ஒரு குழாய் செய்யச் சொல்லியிருக்கிறோம். ஆமல் கார்புரேட்டரும் அதன் உள் உதிரிகளும் இங்கிலாந்தில் இன்றைக்கும் புதிதாகவே செய்யப்படுகின்றன என்பதால் ஜெட், ஸ்லைடு பற்றிக் கவலையில்லை.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ஆமல் ஜெட்டில் இருக்கும் எண், ஒரு நிமிடத்தில் அதன் வழியே எத்தனை சி.சி. ஓடும் என்பதைக் குறிக்கும். மிக்குனியின் எண் வேறு கணக்கு. இதில் 100 என்றிருப்பதால் அதிலும் 100 போடலாம் என்று போனால் டாலரையும் ரூபாயையும் ஒரே பத்தியில் கூட்டிய கதையாகும். ஃபில்டரை மாட்டிய பிறகுதான் ஜெட்டைத் தொட வேண்டும், முன்னால் அல்ல. மாட்டி, முக்கால் முறுக்கில் கொஞ்ச தூரம் ஓட்டி, அப்படியே என்ஜினை நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இளம் பழுப்பு நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பெரிய ஜெட், கறுத்திருந்தால் சிறிய ஜெட்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டர் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டுவதற்கு மட்டும் என்றால் தரமான கூம்பு ஃபில்டரைப் போட்டு ஜெட்டைச் சரி செய்துகொண்டால் போதும், டீ வடிகட்டிக்கு அது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இந்த வண்டிக்கு வேறொரு வாசலும் திறந்திருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, 50 வருடம் கடந்த, அசல் வடிவம் கெடாத இரு சக்கர வாகனத்தைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம், தினமும் மார்க்கெட்டுக்குப் போக முடியாது. சேசிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் செய்த வண்டி இதில் வராது. ஃபில்டர் பெட்டி அந்த வரிசையில் இல்லைதான். ஆனாலும் 1968 வண்டியை 1968 வண்டியாகவே கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று அந்த அம்மா ஆசைப்படுகிறார். தினமும் ஓட்ட வேண்டுமென்றால் வழக்கம் போல ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் வழி இருக்கிறது. எதை எடுப்பது என்பது குடும்பத்தின் முடிவு.

அவகாசத்தில் இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. குழாய் வந்துவிடும். பெட்டி மட்டும் பாக்கி. நம் வளாகத்தில் ஒரு காலத்தில் புல்லட் வைத்திருந்த வீடுகள் குறைந்தது ஏழெட்டு இருக்கும். வண்டியை விற்றபோது கழற்றி வைத்த சாமான்கள் பரணிலோ, பால்கனி அலமாரியிலோ, பழைய பெயிண்ட் டப்பாக்களோடோ கிடக்கலாம். கறுப்புத் தகரத்தில், ஒரு பக்கம் வட்ட வாய் வைத்த பெட்டி ஏதாவது கண்ணில் பட்டால் கபாடிக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். துருப்பிடித்திருந்தாலும் நசுங்கியிருந்தாலும் பரவாயில்லை, மாதிரி பார்த்து அடித்துக் கொடுக்க மெக்கானிக் தயார். அசோசியேஷன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஃபிளாட் எண்ணைச் சொன்னால் போதும், நானே வந்து பார்க்கிறேன்.